லியோகாடி அழவில்லை

பென்ட்லோ துரையின் சட்டைகளை ஏழு வருஷம் துவைத்தவள் லியோகாடி. திங்கட்கிழமை காலையில் அழுக்குக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கு இறங்குவாள். பாறையில் அடித்து, புல்லில் விரித்து வெயிலில் வெளுக்கவைத்து, நீலம் போட்டு, மரவள்ளி மாவுக் கஞ்சியில் முக்கி, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இஸ்திரி போட்டு மடித்துத் துரை பங்களாவில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். அவள் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை நாலு நாள் வேர்வையிலும் வளையாது என்று ஊரில் பேச்சு. அந்தப் பட்டைக்கு மேலே இருந்த தலைதான் அவள் குடியைக் கெடுத்தது.

என் பெயர் ஒக்தாவ் ஃபெலிசியன். எங்கள் தீவின் கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஜனங்கள் பேசுவது கிரியோல், அடிமைக் காலத்தில் கலந்து பிறந்த பேச்சு. துரைகள் பேசுவது இங்கிலீஷ். நடுவில் நின்று இதை அதாகவும் அதை இதாகவும் மாற்றிச் சொல்வது என் வேலை. லியோகாடிக்கு நடந்ததில் என் கையும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதுவதானால் எழுதாமலே இருந்துவிடலாம்.

கத்பர்ட் பென்ட்லோ 1889இல் மாஜிஸ்திரேட்டாக வந்து இறங்கினார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயசு. குடிக்க மாட்டார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. வேலைக்காரப் பெண்களைத் தப்பாகப் பார்த்ததில்லை. எதிரே பாட்டிமார் வந்தால் தொப்பியைத் தொடுவார். முரடனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. முரடனை ஊர் அடையாளம் கண்டுகொள்ளும். இந்த மனுஷர் மரியாதையாகவே எல்லாவற்றையும் செய்தார்.

சின்னத் தீவு என்பதால் ஒரு துரையின் தலையில் இரண்டு மூன்று தொப்பி ஏறும். ஆறாம் வருஷம் பென்ட்லோ நில அதிகாரியும் ஆனார். அந்தச் சமயத்தில் எலுமிச்சைத் தோட்டக்காரர்களுக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. அடிமை முறை ஒழிந்த பிறகு எங்கள் ஆட்கள் மலைமேல் ஏறிக் காட்டைத் திருத்திச் சேம்பும் வள்ளிக்கிழங்கும் கொக்கோவும் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். கோப்பு ஒன்றில் கையெழுத்து வாங்கத் துரை பங்களாவுக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் ஒரு தோட்டக்காரர் சொன்னது என் காதில் விழுந்தது.

"மேலே ஒரு துண்டு நிலம் இருக்கிறவரைக்கும் கீழே ஒரு பயல் வரமாட்டான், பென்ட்லோ."

பென்ட்லோ மீனில் முள் எடுத்துக்கொண்டே தலையாட்டினார். எட்டு மாதம் கழித்து மேட்டுநிலச் சட்டம் வந்தது. பத்திரம் இல்லாத மலைநிலம் எல்லாம் ராணியுடையது. பத்திரம் காட்ட முடியாதவர்கள் முப்பது நாளில் இறங்கிவிட வேண்டும். 'மக்களிடையே ஒழுங்கான உழைக்கும் பழக்கத்தை வளர்ப்பதற்காக' என்று முகப்பில் எழுதியிருந்தது. அந்த வரி பென்ட்லோவின் கையெழுத்திலேயே இருந்ததை நான் பார்த்தேன். விடியுமுன் எழுந்து இருட்டும்வரை மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்கு உழைக்கும் பழக்கம் கற்றுக்கொடுக்கப் போகிறாராம்.

லியோகாடியின் புருஷன் அனாத்தோலுக்குச் சலேக் குன்றில் நிலம். அவன் அப்பா காடு வெட்டிய இடம். இருநூறு கொக்கோ மரம், கொஞ்சம் காப்பி, நாலு சீமைப்பலா, பலகை வீடு, ஒரு பெண் குழந்தை இஸ்மேன். அனாத்தோல் நெட்டையன், வாயாடி. சனிக்கிழமைச் சந்தையில் அவன் கிழங்கு விற்கிற இடத்தில்தான் சிரிப்புச் சத்தம் அதிகமாக இருக்கும். வழக்குக்கு வந்த அன்றுகூட வராந்தாவில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"என்ன ஒக்தாவ், இன்னிக்கு என் வாய் உன் வாயில இருக்கு. பாத்துப் பேசு, எச்சி பண்ணிராத."

கூண்டில் ஏறினான். சட்டம் எழுதிய அதே பென்ட்லோ மேலே உட்கார்ந்து அதே சட்டத்தின்படி விசாரித்தார். பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்.

அனாத்தோல் சொன்னான்: "எங்கப்பா வெட்டுன மரத்தோட வேரு இன்னும் மண்ணுக்குள்ள கெடக்கு, துரை. வந்து தோண்டிப் பாருங்க. அத எந்த ஆபீஸுல எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா எங்கப்பா முதுகுல நீங்க சாட்டையால எழுதுனது எல்லாருக்கும் தெரியும்."

"பத்திரம் இல்லையாம், சார்" என்றேன் நான்.

நாலு நிமிஷத்தில் வழக்கு முடிந்தது. வராந்தாவில் அனாத்தோல் என்னைப் பார்த்தான். கண்ணடிக்கவில்லை.

முப்பது நாளில் அவர்கள் இறங்கவில்லை. முப்பத்தோராம் நாள் போலீஸ் ஏறியது. காய் பிடித்து நின்ற கொக்கோ மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். வீட்டுப் பலகையைப் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தார்கள். அனாத்தோல் ஒரு கான்ஸ்டபிளைப் பிடித்துத் தள்ளினான். அந்தக் கான்ஸ்டபிள் பள்ளத்தில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். அனாத்தோலுக்கு ஆறு மாதம் கடுங்காவல் தண்டனை கிடைத்தது.

கைதிகளுக்கு அப்போது ரோடு போடுகிற வேலை. அதுவும் எந்த ரோடு? காலியான மலைநிலத்துக்கு வண்டி போவதற்காகச் சலேக் குன்றைக் குடைந்து போட்ட ரோடு. தன் நிலத்துக்கே பாதை வெட்டினான் அனாத்தோல், காலில் விலங்கோடு.

அவன் ஜெயிலில் இருந்த நாளிலும் லியோகாடி துரை வீட்டுத் துணியை விடவில்லை. ஆற்றங்கரையில் மற்றப் பெண்கள் ஜாடை பேசினார்கள்.

"வீட்டக் கொளுத்துனவன் சட்டைய வெளுக்க எப்படிடி மனசு வருது?"

"மனசு எங்க வருது, கைதான் வருது. உங்க வீட்டுல சமைச்சு என் புள்ளைக்கு ஊட்டுறியா? ஊட்டுனா இந்தக் கூடைய இப்பவே ஆத்துல விட்டுர்றேன்" என்றாளாம்.

செப்டம்பரில் விடாமல் பன்னிரண்டு நாள் மழை. மண் ஊறிச் சரியும் என்று கைதிகளே சொன்னார்கள். ரோட்டைத் திறந்துவைக்கத் தேதி குறித்தாகிவிட்டதால் வேலையை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. பதின்மூன்றாம் நாள் காலை மேட்டுப்பக்கம் மொத்தமாக இறங்கியது. மூன்று பேர் உள்ளே போனார்கள். இரண்டு பேரைத் தோண்டி எடுத்தார்கள். அனாத்தோல் கிடைக்கவே இல்லை. ரோடு அவன்மேல்தான் போகிறது. விசாரணையை பென்ட்லோவே நடத்தினார். 'கடவுளின் செயல்' என்று எழுதினார். ரோட்டுக்கு பென்ட்லோ ரோடு என்று பெயர் வைத்தார்கள்.

சேதி வந்தபோது லியோகாடி துணிக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தாள். நீலம் தோய்ந்த ஈரத்துணியை அப்படியே கூடையில் வாரிப்போட்டு, ஆற்றுமண் இரண்டு கை அள்ளி மேலே கொட்டி, துரை பங்களா வாசலில் கவிழ்த்துவிட்டு வந்தாள். அன்றோடு அந்த வேலை முடிந்தது.

மூன்று வாரம் கழித்து பென்ட்லோவுக்கு மாற்றல் வந்தது. ஆப்பிரிக்காவில் பெரிய உத்தியோகம். இவ்வளவு நன்றாகச் சட்டத்தை அமல்படுத்தினால் மேலே ஏற்றாமல் விடுவார்களா? துறைமுகத்தில் வாத்தியம், கொடி பிடித்த பள்ளிப் பிள்ளைகள், தோட்டக்காரர்களின் பாராட்டுப் பத்திரம். நானும் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். பென்ட்லோ படகில் கால் வைக்கிற நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு லியோகாடி வந்தாள். தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வீட்டக் கொளுத்துனவனே! என் புருஷன உசுரோட பொதச்சவனே! போற எடத்துல குடிக்கத் தண்ணி இல்லாமப் போகட்டும் உனக்கு! நீ சாகுறப்ப உன் கையப் பிடிக்க ஒரு நாதி இருக்கக் கூடாது! அனாத்தோலக் குடுத்துட்டுப் போடா! குடுத்துட்டுப் போ!"

வாத்தியம் நின்றுவிட்டது. மேடையில் இருந்த எல்லாத் துரைமாரும் என் பக்கம் திரும்பினார்கள். பென்ட்லோ கேட்டார்:

"ஃபெலிசியன், என்ன சொல்கிறாள்?"

எனக்கு இருபத்தெட்டு வயசு. என் மனைவி நிறைமாதப் பிள்ளைத்தாச்சி. இப்படியெல்லாம் சொன்னால் நானும் குற்றவாளி ஆகிவிடுவேன். இத்தனையும் ஒரு நொடிக்குள் மனசில் ஓடியது. வாய் தானாகத் திறந்தது.

"நீங்கள் போவதை அவளால் தாங்க முடியவில்லையாம், சார். இனி யாருடைய துணியைத் துவைப்பேன் என்று அழுகிறாள்."

பென்ட்லோவின் முகம் இளகியது. தொப்பியை எடுத்துத் தலை குனிந்தார். கான்ஸ்டபிள்கள் லியோகாடியின் கையைப் படகிலிருந்து பிய்த்தபோது, "மெதுவாக, மெதுவாக. பாவம், அவளை நோகடிக்காதீர்கள்" என்றார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படகு போய்விட்டது. இவள் கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு பதினேழு வருஷம் ஓடியது. பென்ட்லோ ஆப்பிரிக்காவில் செயலாளர் ஆனார், கிழக்கே ஒரு தீவுக்குக் கவர்னர் ஆனார், சர் பட்டம் வாங்கினார். போன இடமெல்லாம் எங்கள் தீவின் மேட்டுநிலச் சட்டத்தை எடுத்துப்போய் அந்தந்த ஊருக்கேற்ப வெட்டித் தைத்தார் என்று கேள்வி. ஓய்வுபெற்று ஊர் திரும்பித் தேர்தலில் நின்று பார்லிமெண்டுக்குப் போனார். குடியேற்ற நாடுகள் என்ற பேச்சு வந்தால் எழுந்து பேச அவரைவிட்டால் ஆள் இல்லையாம்.

லியோகாடி ஊரில் நாலு வீட்டுக்குத் துவைத்து இஸ்மேனை வளர்த்தாள். இஸ்மேன் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு படித்துவிட்டு மீன் விற்கப் போனாள். அம்மாவின் வாய் அவளுக்கும் இருந்தது.

1913இல் ஒரு நாள். கப்பல் தபாலில் வந்த லண்டன் பத்திரிகையை மருந்துக்கடை லாபோர் தன் கடை வாசலில் உட்கார்ந்து நாலு பேருக்குப் படித்துக் கிரியோலில் சொல்லிக்கொண்டிருந்தார். லியோகாடி நீலம் வாங்க வந்து நின்றாள். லாபோர் யாரென்று பார்க்காமல் படித்துக்கொண்டே போனார். தீவுகளின் நிலம், கூலி நிலைமையைப் பார்க்க ஐந்து பேர் கமிஷன் வருகிறது; அதில் சர் கத்பர்ட் பென்ட்லோவும் ஒருவர். பார்லிமெண்டில் அவர் பேசியதும் அச்சாகியிருந்தது. 'நான் ஆண்ட மக்கள் என்னை வெறுத்தார்கள் என்று எதிர்க்கட்சி நண்பர் சொல்கிறார். நான் புறப்பட்ட நாளில் என் கிழட்டு வண்ணாத்தி கடலில் இறங்கி என் படகைப் பிடித்துக்கொண்டு கதறியழுதாள். அவளுடைய கண்ணீரே என் ஆட்சிக்குச் சாட்சி.'

லாபோர் நிமிர்ந்தார். லியோகாடி நிற்பதைப் பார்த்துப் பத்திரிகையை மடித்தார்.

"மடிக்காதீங்க. இன்னொரு தரம் படிங்க" என்றாள். படித்தார்.

"கிழட்டு வண்ணாத்தியா? எனக்கு அப்ப முப்பத்தாறு வயசு!" என்றாள் முதலில். பிறகுதான் மற்றது உறைத்தது. "அழுதேனா? நான் அழுதேன்னு அவன்கிட்ட யாரு சொன்னது?"

கடைவாசலில் இருந்தவர்களுக்கு விடை தெரியும். அன்றைக்குத் துறைமுகத்தில் இங்கிலீஷும் கிரியோலும் இரண்டும் தெரிந்தவன் ஒருவன்தான் நின்றான்.

மத்தியானம் கோர்ட் படியில் நான் இறங்கும்போது எதிரே நின்றாள். கையில் அந்த நீலப் பொட்டலம்.

"கோர்ட்டுக்காரரே, அன்னிக்கு நான் கத்துனத அவன்கிட்ட என்னன்னு சொன்ன?"

"அக்கா, அது பழைய கதை..."

"பழசா புதுசான்னு நான் கேக்கல. என்ன சொன்ன?"

சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை.

"வீட்ட எடுத்தான். புருஷன எடுத்தான். எங்கிட்ட மிச்சம் இருந்தது அந்தக் கோபம் ஒண்ணுதான். அத நீ எடுத்து அவன் கழுத்துல மாலையா போட்டுட்ட. பதினேழு வருஷமா அந்த மாலையோட ஊர் ஊரா சுத்திட்டிருக்கான்."

"என்னை மன்னி..."

"வாய மூடு. மன்னிக்க நான் வரல. அவன் வர்றான்ல? அன்னிக்கு நான் சொன்னத இங்கிலீஷுல எனக்குச் சொல்லிக்குடு. இனி உன் வாய் எனக்கு வேண்டாம். என் வாயே போதும்."

அப்படித்தான் நாற்பத்தைந்து வயசில் நான் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஆற்றுப்பாறையில் உட்கார்ந்து இங்கிலீஷ் வாத்தியார் ஆனேன். அவள் துணியை ஓங்கி அடித்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வாள். நாக்கு சுழலாத இடத்தில் இன்னும் ஓங்கி அடிப்பாள். நான் ஒரு வரி சொல்லிக்கொடுத்ததும் இஸ்மேன் மீன்கூடையை வைத்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடுவாள். அந்த வரிக்கு உண்மையிலேயே அந்த அர்த்தம்தானா என்று லாபோரிடம் கேட்டுக்கொண்டு திரும்பி வருவாள்.

"சரியாத்தாம்மா சொல்லிருக்காரு. இந்தத் தடவ பொய் இல்ல."

"அடுத்ததையும் கேட்டுக்க. பழக்கம் விடாது" என்பாள் லியோகாடி, என் முகத்துக்கு நேரே.

ஐந்து வாரத்தில் ஐந்து வாக்கியம் மனப்பாடம் ஆனது.

கமிஷன் கோர்ட் கட்டடத்தில் உட்கார்ந்தது. தோட்டக்காரர்கள் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள்தான் ஊர் ஜனங்களுக்கு. லியோகாடி மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் மெட்ராஸ் என்று எங்கள் பெண்கள் சொல்லும் கட்டம் போட்ட புதுத் துணி கட்டி வந்தாள். ஜன்னலுக்கு வெளியே சலேக் குன்றிலிருந்து இறக்கப்பட்ட குடும்பங்கள் எல்லாம் நின்றன. முன்னூறு பேராவது இருக்கும்.

பென்ட்லோவுக்கு ஐம்பது வயசு. கன்னம் தொங்கியிருந்தது. பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்திலிருந்த தலைவரிடம், "இவள்தான். நான் சொன்னேனே, அவளேதான்" என்றார். என்னிடம், "என்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேள், ஃபெலிசியன்" என்றார்.

கேட்டேன்.

"ஞாபகமா? தெனமும் அவன் பேரு வச்ச ரோட்டுலதான நடக்குறேன். கீழ என் புருஷன் படுத்திருக்கான், மேல நான் நடக்குறேன்" என்றாள். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னாள். நிலம், தீ, விலங்கு, மழை, துறைமுகம். சாபத்தையும் அன்று சொன்ன வார்த்தையிலேயே சொன்னாள்.

நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். ஒன்றையும் மெருகேற்றவில்லை, ஒன்றையும் விழுங்கவில்லை. பேசி முடித்தபோது பென்ட்லோவின் காது சிவந்திருந்தது. ஆனால் சத்தம் போடவில்லை. அவருக்குச் சத்தம் போடத் தேவையே இருந்ததில்லை.

"தலைவர் அவர்களே, 1896இல் இதே பெண் பேசியதை இதே மனிதர்தான் எனக்கு மொழிபெயர்த்தார். அப்போது சொன்னது முற்றிலும் வேறு. ஒன்று, அன்றைக்குப் பொய் சொன்னார். இல்லை, இன்றைக்குப் பொய் சொல்கிறார். எதுவாக இருந்தாலும் இவர் வாய்வழி வந்த சாட்சியத்தை நாம் எப்படிப் பதிவு செய்வது?"

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "நியாயம்தான். இந்தச் சாட்சியத்தை ஒதுக்கிவிடலாம். ஃபெலிசியன், நீங்கள் போகலாம்."

என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு அடி வாங்கியதில்லை. நான் சொன்ன பொய்யையே கையில் எடுத்து, நான் சொன்ன உண்மையின் மண்டையில் போட்டார். அவரைத் திட்டுவதா என்னைத் திட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் லியோகாடி.

"உன் பேச்ச எடுத்துக்க மாட்டாங்களாம், அக்கா. சொன்னது நான்ங்கிறதால."

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "தெரியும். தள்ளி நில்லு" என்றாள். மேஜைக்கு முன்னால் இரண்டு அடி வைத்தாள். இங்கிலீஷில் பேசினாள்.

"நீ என் வீட்டை எரித்தாய். நீ என் புருஷனைக் கொன்றாய். அவன் உன் ரோட்டுக்குக் கீழே கிடக்கிறான். நான் அழவில்லை. நான் உன்னைச் சபித்தேன்."

உச்சரிப்பு கரடுமுரடுதான். ஆனால் ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியாமல் போகவில்லை. குறிப்பெடுக்கிற குமாஸ்தாவின் பேனா நின்றுவிட்டது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாட்சி முடித்துவிட்டாரா?" என்றார்.

"இல்லை" என்றாள், அதையும் இங்கிலீஷில். அடுத்து வந்தது நான் சொல்லிக்கொடுக்காத வாக்கியம். எங்கே பொறுக்கினாளோ, தானே கோத்திருந்தாள். "நான் கஞ்சி போட்ட பட்டை உன் கழுத்தில் இருந்தது. அன்றைக்கே இறுக்கியிருக்க வேண்டும்."

பென்ட்லோவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. வெளியே ஜன்னலோரம் இஸ்மேன் அதைக் கிரியோலில் கத்திச் சொன்னாள். முன்னூறு பேரும் ஒரே குரலில் எழுப்பிய சத்தம் சிரிப்பா உறுமலா என்று பிரிக்க முடியவில்லை. கான்ஸ்டபிள்கள் லியோகாடியைப் பிடித்தார்கள்; வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள். கமிஷன் சாப்பாட்டுக்கு எழுந்தது.

அதனால் என்ன நடந்தது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அறிக்கையில் சட்டத்தை 'அனுதாபத்தோடு' அமல்படுத்தும்படி ஒரு வரி இருந்தது. லியோகாடியின் பெயர் எங்கும் இல்லை. நம்பத்தகாதவன் என்று எழுதி என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் எழுதியது தப்பில்லை. பென்ட்லோ அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். யுத்தகாலத்தில் ஏதோ இலாகாவில் துணை மந்திரியாகக்கூட இருந்தார்.

லியோகாடி அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. கமிஷன் கப்பல் கிளம்பிய அடுத்த வாரமே இஸ்மேனையும் பதினொரு குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு சலேக் குன்றில் ஏறினாள். பலகை கிடைக்கிறவரை ஓலைக் குடிசை. போலீஸ் வந்து பிடுங்கியது, திரும்ப நட்டார்கள். மறுபடி வந்து பிடுங்கியது. இஸ்மேன் மூன்று வாரம் ஜெயிலில் இருந்தாள். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே குன்றுக்குப் போய்ச் சேம்பு நட்டாள். அதற்குள் எலுமிச்சைத் தோட்டங்களில் இலைகருகல் நோய் விழுந்து ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. தோட்டமே இல்லாதபோது கூலிக்கு ஆள் எதற்கு? போலீஸ் வருவது நின்றது. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

வேலை போன பிறகு நானும் அடிக்கடி மேலே ஏறினேன். என்னை வா என்றும் சொல்லமாட்டாள், போ என்றும் சொல்லமாட்டாள். மண்வெட்டியைக் காட்டுவாள். நான் கொத்துவேன். 1921இல் பென்ட்லோ செத்த செய்தி பத்திரிகையில் வந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

"எப்படிச் செத்தான்?" என்றாள்.

"தூக்கத்துல, அக்கா. சொந்த வீட்டுல. மக, மருமகன், பேரப்புள்ளைங்க எல்லாரும் சுத்தி இருந்தாங்களாம்."

"சாபமும் கவர்ன்மெண்ட பார்த்தா பயப்படும் போல" என்றாள். பிறகு, "நான் அழுததையும் போட்டிருக்கானா?" என்றாள்.

இல்லை என்று சொல்லிவிடத் தோன்றியது. "போட்டிருக்கு" என்றேன். கடல், படகு, கண்ணீர், எல்லாம் அச்சில் இருந்தது. அவள் ஐந்து பேர் முன்னால் அவன் மொழியிலேயே அவன் முகத்தில் சொன்னதற்குப் பிறகும் இருந்தது. நான் அந்தப் பத்திரிகைக்கு ஏழு கடிதம் எழுதினேன். ஒன்றும் அச்சாகவில்லை.

லியோகாடி 1928இல், அறுபத்தெட்டாம் வயசில், கொக்கோ காய் உடைத்துக்கொண்டிருந்தபோது சாய்ந்தாள். குன்றிலேயே புதைத்தோம். என்னை அவள் மன்னித்தாளா என்று பாதிரியார் கேட்டார். இல்லை என்றேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

நிலத்துக்கு இன்னும் பத்திரம் இல்லை. போன மாதம் டவுனிலிருந்து சர்வே ஆபீஸர் ஒருவர் வந்தார். நம்ம ஊர்ப் பையன்தான், தொப்பி மட்டும் துரைத் தொப்பி. அளவுச் சங்கிலி இழுத்து, கொக்கோ மரங்களுக்கு நடுவே வரிசையாகப் பதினாலு முளைக்குச்சி அடித்துவிட்டு, களைத்துப்போய்த் தண்ணீர் கேட்டார். இஸ்மேன் கொடுத்தாள். அவர் குடித்து முடிப்பதற்குள் முதல் குச்சியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, அது சர்க்கார் சொத்து" என்றார் அவர்.

"அப்படியா? நல்லா காஞ்ச கட்டைதான்" என்றாள் இஸ்மேன். பதினாலையும் அடுப்பில் வைத்து, சீமைப்பலாவைச் சுட்டு, அவருக்கும் எனக்கும் ஆளுக்கு ஒரு துண்டு உப்புக் கருவாட்டோடு வைத்தாள்.